நடந்து காணும் மலர்ப் பள்ளத்தாக்கு

விடுமுறைப் பயணம் என்றவுடன் எத்தனை ஊர்களைப் பார்த்துவிடலாம் என்று கணக்கிடுவதே நம்மில் பலருடைய வழக்கம். ஐந்து நாட்களில் எட்டு இடங்கள் எனத் திட்டம் உருவாகிறது. திரும்பிய பின்னர் கைப்பேசி முழுவதும் படங்கள் இருக்கும். எந்தப் படம் எந்த ஊரில் எடுத்தது என்பதில் வீட்டாருக்குள் கருத்து வேறுபாடும் இருக்கும். நடைப்பயண விடுமுறை இதற்கு நேர்மாறானது. அதில் காணும் இடங்கள் குறைவு. கண்டவை நினைவில் நிற்கும் காலம் நெடிது.

தைப்பூசத்திற்குப் பழனிக்கு நடந்து செல்லும் அடியவருக்கு வழியும் வழிபாட்டின் ஒரு பகுதியே. விடுமுறையிலும் வழியே பயணத்தின் பொருளாக அமைய முடியும் என்பதற்குச் சிறந்த சான்று, உத்தராகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்திலுள்ள மலர்ப் பள்ளத்தாக்கு.

1931இல் காமெட் சிகரத்தில் ஏறித் திரும்பிய பிராங்க் ஸ்மைத் என்னும் ஆங்கிலேய மலையேறி இப்பள்ளத்தாக்கைக் கண்டு வியந்தார். 1937இல் மீண்டும் வந்து தங்கி, மறு ஆண்டு வெளியிட்ட நூலால் இதனை உலகறியச் செய்தார். உள்ளூர் ஆட்டிடையர்களுக்கோ இது முன்பே அறிமுகமான மேய்ச்சல் நிலம். 1982இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது.

வாகனம் நிற்கும் இடம்

ரிஷிகேஷிலிருந்து பத்ரிநாத் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 270 கிலோமீட்டர் சென்றால் கோவிந்தகாட் வரும். அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் தொலைவிலுள்ள புல்னா வரை வாகனம் செல்லும். அதன் பிறகு மலைப்பாதைதான். காங்கரியா என்னும் சிற்றூரை அடைய ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் ஏற வேண்டும். வழி நெடுகிலும் ஆற்றின் ஓசை உடன் வருகிறது. ஹேமகுண்ட் சாகிப் செல்லும் சீக்கிய யாத்திரிகர்கள், சுமை ஏற்றிய கோவேறு கழுதைகள், தேநீர்க் கடைகள் என அப்பாதை எப்போதும் உயிர்ப்புடன் இருக்கும்.

காங்கரியா 3,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிர்காலத்தில் பனி மூடுவதால் ஊரே காலியாகிவிடும். இங்கிருந்து பள்ளத்தாக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் நடை. அக்காலத்தில் பட்டையில் எழுதப் பயன்பட்ட பூர்ச்ச மரங்களைக் கடந்ததும் வெளி விரிகிறது. நடுவே புஷ்பாவதி ஆறு ஓடுகிறது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை இங்குப் பூக்களின் காலம். நம் ஊர்க் காசித்தும்பையின் உறவினச் செடிகள் இளஞ்சிவப்பு நிறத்தில் சரிவுகளை நிறைக்கும். நீலப் பாப்பி மலரோ பாறை இடுக்குகளில் தனித்து நிற்கும். நின்று தேடுவோர்க்கே தென்படும். நடையின் வேகம் தரும் பலன் இதுவே.

உள்ளே இரவு தங்க அனுமதியில்லை. மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். தாவரங்களைத் திரட்ட வந்து, 1939இல் பாறையில் வழுக்கி விழுந்து உயிரிழந்த ஜோன் மார்கரெட் லெக் என்னும் பெண்மணியின் கல்லறை பள்ளத்தாக்கினுள் இருக்கிறது. மலையின் அழகை விரும்புவோர் அதன் கடுமையையும் மதிக்க வேண்டும் என்பதை அது உணர்த்துகிறது.

வழியில் விடும் பணம்

இப்பாதையின் கடைகளும் விடுதிகளும் இயங்குவது ஆண்டில் சில மாதங்களே. அச்சில மாதங்களின் வருவாயே சுமை தூக்குவோர்க்கும் கடை நடத்துவோர்க்கும் ஆண்டு முழுமைக்கும் உதவ வேண்டும். 2013 ஜூன் வெள்ளம் கோவிந்தகாட்டையும் இப்பாதையையும் சிதைத்தபோது முதலில் பறிபோனது அவர்களது வாழ்வாதாரமே. நடந்து செல்பவர் வழியில் அருந்தும் தேநீருக்கும் அமர்த்தும் துணைக்கும் தரும் பணம் இடைத்தரகர் இன்றி உரியவர் கைக்கே சேருகிறது. நடைப்பயணத்தின் ஈர்ப்புகளுள் இதனையும் ஒன்றாகக் கொள்ளலாம்.

புறப்படும் முன்

* இரண்டு மாதங்களுக்கு முன்பே நாள்தோறும் நடக்கத் தொடங்குங்கள். படியேறும் பயிற்சி மிகுந்த பயன் தரும். இதயம், நுரையீரல் தொடர்பான நோய் உடையோர் மருத்துவரைக் கலந்த பின்னரே முடிவு செய்க.
* புதிய காலணியைப் பயணத்தன்று முதன்முதலாக அணிய வேண்டாம்.
* உயரம் கூடும்போது தலைவலி, குமட்டல் தோன்றினால் மேலே ஏறாதீர்கள். குறையாவிடில் கீழிறங்குவதே மருந்து.
* பூக்களின் காலமே மழைக்காலமும் ஆதலால் நிலச்சரிவால் சாலை மூடப்படக்கூடும். திட்டத்தில் இரண்டு நாட்கள் கூடுதலாக ஒதுக்குங்கள்.
* மலையில் இணைய இணைப்பை நம்பிச் செல்லாமல் போதிய ரொக்கம் வைத்திருங்கள். பயணக் காப்பீடு எடுப்போர் மலைநடையும் அந்த உயரமும் அதில் அடங்குமா என்பதைக் கையொப்பமிடும் முன் படித்துப் பாருங்கள்.
* கொண்டு செல்லும் நெகிழிப் பொருள்களைத் திரும்ப எடுத்து வாருங்கள், பூக்களைப் பறிக்காதீர்கள்.

நடப்பதற்கு இளமை கட்டாயமன்று. ஹேமகுண்ட் பாதையில் முதியோர் பலர் பத்து அடிக்கு ஒருமுறை நின்று, மூச்சு வாங்கி, மீண்டும் ஏறுவதைக் காணலாம். அவர்களுக்குத் தேவைப்பட்டது கூடுதல் நேரம் மட்டுமே. அடுத்த விடுமுறையில் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைச் சற்றுக் குறைத்தால் அந்த நேரம் உங்களுக்கும் கிட்டும்.