புகையிலையும் குமட்டலும்

மகாவலிக் கரையிலுள்ள குண்டசாலை, கண்டியரசன் சிறீ வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் (1707–1739) விரும்பி உறைந்த ஊராகும். அதனைச் சூழ்ந்த தும்பறைப் பகுதியோ, யாழ்ப்பாணத்தைப் போலவே, புகையிலைச் செய்கைக்கும் நெடுநாட் பெயர்பெற்றது.

புகையிலை விளையும் நாடுகளில் ஒரு விந்தையைக் காணலாம். பனி தோய்ந்த பச்சையிலையை விடியலிற் பறிப்போருட் சிலர், வாழ்நாளிற் சுருட்டைத் தொட்டறியாதவராயினும், தலைசுற்றி, முகம் வெளிறி, வாந்தியெடுப்பர். புளோரிடா மாநில மருத்துவர் 1970இல் இந்நோயை விவரித்தெழுதினர். ஒளிந்து நின்று முதன்முறை புகைக்கும் மாணவனுக்கு நேர்வதும் இதுவே. புகையே காணாதவரும் இவ்வாறு வருந்துதலின், குமட்டலுக்குத் தலையாய காரணம் புகையின் நாற்றமோ கரியோ அன்றென்பது தெளிவு.

காரணமாவது, 1828இல் ஐடெல்பேர்க்கில் பொசெல்ற்று, ரைமான் என்னும் இருவர் பிரித்தெடுத்த நிக்கொற்றீன் என்னும் நஞ்சு. அது நீரிற் கரையும். ஆதலின் பனிநீரோடு தோலினூடும் புகும். புகையாய்ச் சுவாசப்பையை அடைந்தாலோ, பத்து இருபது செக்கன்களுள் மூளையைச் சேரும்.

மூளையின் அடிப்புறத்தே, குருதியிலுள்ள நஞ்சை மோப்பம் பிடிக்கும் சிறு காவலிடம் ஒன்றுண்டு. மூளையைக் குருதியினின்றும் காக்கும் தடை அவ்விடத்தில் தளர்ந்திருக்கின்றது. காவலன் வாயிலுக்கு வெளியே நிற்பதன்றோ முறை! உடல் தானே ஆக்கும் அசற்றைல்கோலினுக்குரிய வாங்கிகளில், கள்ளத் திறவுகோல் பூட்டிற் பொருந்துமாறு போல, நிக்கொற்றீன் பொருந்துகின்றது. உடனே வாந்தியுணர்ச்சி எழுகின்றது. அதே திறவுகோல் இரைப்பை குடல்களின் நரம்புத் திரள்களையும் திறத்தலின் உமிழ்நீர் பெருகி, வயிறு பிசைந்து, குளிர்வியர்வை அரும்புகின்றது. நரம்புத் திரள்களில் இந்நஞ்சின் செயலைக் கேம்பிறிட்சில் லாங்லி 1889இலேயே ஆராய்ந்தார்.

வெற்றிலையோடு புகையிலை மெல்வோருக்குச் சுண்ணாம்பும் இதற்குத் துணைபோகின்றது. காரத்தன்மை மிகுந்தால் வாயின் மென்சவ்வினூடே நிக்கொற்றீன் விரைந்து உட்செல்லும். சாற்றை விழுங்கிய புதியவர் பாட்டைச் சொல்லவேண்டுவதில்லை.

பழகியவர் குமட்டாதது ஏன்? ஓயாத தூண்டலால் வாங்கிகள் மரத்துப்போகின்றன. சிகரெற்று ஒன்றால் உடலிற் சேர்வது ஏறத்தாழ 1 மில்லிகிராமே. அதனையும் இழுப்பால் அளந்துகொள்ள அவர் கற்றுவிடுகின்றனர். மரத்துப்போவது காவலேயன்றிச் சுவாசப்பையும் குருதிக்குழாயும் அல்ல. நிக்கொற்றீன் ஏறத்தாழ இரண்டு மணிக்கொருமுறை பாதியாய்க் குறைந்து, இரவுக்குள் பெரும்பாலும் கழிந்துவிடும். அதனால் வெறுவயிற்றில் விடியலிற் பிடிக்கும் முதற் சுருட்டு, பழகியவரையும் சிலவேளை தடுமாறச் செய்யும்.

இலை பறிப்போருள்ளும் புகைக்கும் பழக்கமில்லாதவரே எளிதில் நோயுறுவர். இலையின் ஈரம் உலரும்வரை பொறுத்தலும், கையுறையும் நீள்கைச் சட்டையும் அணிதலும், நனைந்த உடையை உடனே மாற்றுதலும் அவர்க்குரிய காப்புக்களாம்.