தோட்டம் கைமாறுமுன் பழைய நிலப்படத்தைப் பாருங்கள்

கோலசிலாங்கூர் மாவட்டத்தில் ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறி வருகின்றன. தோட்டம் கைமாறினால் முதலில் எழும் கேள்வி ஆலயத்தைப் பற்றியது, அடுத்தது இடுகாடு. “தாத்தா காலத்திலிருந்தே இங்குதான் இருக்கிறது” என்கிறோம். அத்தாட்சி கேட்டால் திகைக்கிறோம்.

இங்கேதான் பழைய நிலப்படம் உதவும். மலாயா காலத்து நில அளவைத் துறையின் படங்களில் ஒரு மைல் ஓர் அங்குலமாக வரையப்பட்டிருக்கும். பின்னர் வந்தவை 1:50,000 அளவிலானவை. அவற்றில் ஒரு கிலோமீட்டர் 2 சென்டிமீட்டர். ஆறு, சாலை, மேடு பள்ளம், ரப்பர், தென்னை, தோட்டப் பெயர்கள் எல்லாம் அதில் உண்டு. ஓரத்தில் உள்ள குறி விளக்கத்தை முதலில் படியுங்கள். அச்சான ஆண்டு வேறு, நிலத்தை அளந்த ஆண்டு வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

இன்றைய பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது. பெஸ்தாரி ஜெயா என்பது 2007இல் வந்த பெயர். பழைய தாளில் அது பத்தாங் பெர்ஜுந்தை. அந்த வட்டாரத்தில்தான் தென்னமரம் தோட்டம். ஆங்கில எழுத்தில் இருந்தாலும் வாய்விட்டுப் படித்தால் நம் சொல்தான்! 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கியது அங்கேதான். தென்னையின் பெயரில் செம்பனை.

ஆனால் நம் மக்கள் பேச்சில் வழங்கிய தோட்டப் பெயர்கள் எல்லாம் இப்படிப் படத்தில் ஏறிவிடவில்லை. அதனால் பெரியவர்களிடம் இரண்டு பெயர்களையும் கேட்டு எழுதிக்கொண்டு தேடுவது நல்லது.

மரத்தடியில் சூலம் நட்டுக் கும்பிட்ட முனீஸ்வரர் கோயில் இவ்வளவு சிறிய அளவிலான தாளில் விடுபட்டிருக்கலாம். படத்தில் இல்லை என்பதற்காக அன்று கோயிலே இல்லை என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டியதில்லை. அதேபோல், படத்தில் இருப்பதாலேயே நிலம் நமதாகிவிடாது. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி உரிமை, பதிவில் உள்ள பெயருக்கே. இந்த ஆண்டில் இந்த இடத்தில் இது இருந்தது என்பதை மட்டுமே படம் சொல்லும். மேம்பாட்டு நிறுவனத்துடனோ மாவட்ட அதிகாரியுடனோ பேசும்போது அதற்கு மதிப்பு உண்டு.

பழைய தாள்களுக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தை அணுகலாம். அதோடு, நிலம் இன்று யார் பெயரில் உள்ளது என்பதை நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தித் தேடிப் பாருங்கள். ஆலயத்தின் பழைய ரசீதுகள், திருவிழா அழைப்பிதழ்கள், இடுகாட்டுக் கல்லறைகளில் உள்ள ஆண்டுகளின் புகைப்படங்கள் ஆகியவற்றையும் அதே கோப்பில் வையுங்கள்.