தம்ஸ்-அப் போட்டால் சம்மதமா? பணியிடத்தில் எமோஜி: சில தெளிவுகள்



முன்பெல்லாம் மேலாளர் ஒரு வேலையைச் சொன்னால் "சரிங்க சார்" என்போம். இன்று அந்த இடத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் வந்து நிற்கிறது. கடையோ, கம்பெனியோ, பள்ளிக்கூடமோ, வளைகுடாவில் ஒரு கிடங்கோ, எங்கே வேலை பார்த்தாலும் வேலைக்கென்று ஒரு குழு நம் கைப்பேசியில் இருக்கிறது. முதல் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கிறோம். இந்தச் சின்னப் படங்களைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆனால் இவற்றால் வேலை போய் நீதிமன்றம் ஏறியவரும் உண்டு. பெரும் தொகை நஷ்டஈடு கட்ட நேர்ந்தவரும் உண்டு.

எமோஜி எங்கிருந்து வந்தது?

'எமோஜி' ஜப்பானியச் சொல். 'எ' என்றால் படம், 'மோஜி' என்றால் எழுத்து. 1999-ல் என்.டி.டி. டோகோமோ என்ற கைப்பேசி நிறுவனத்துக்காக ஷிகேதகா குரிதா 176 சிறு படங்களை உருவாக்கினார். 2010-ல் யூனிகோடு எழுத்துத் தரத்தில் சேர்ந்த பிறகு எமோஜிகள் உலகமெங்கும் பரவின. ஹிஜாப் அணிந்த பெண்ணின் படம் 2017-ல் சேர்ந்தது. அதற்காகக் கோரிக்கை எழுதியவர் ரயூஃப் அல்ஹுமைதி. அப்போது பெர்லினில் வசித்த 15 வயது சவூதி மாணவி.

எழுத்துக்கு அகராதி உண்டு. படத்துக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அகராதி இல்லை. கூப்பிய கைகளை ஜப்பானியர் 'தயவுசெய்து', 'நன்றி' என்று வாசிப்பார்கள். நம் ஊரில் அது வணக்கம். வேறு சிலர் அதைப் பிரார்த்தனை என்று நினைத்து அனுப்புகிறார்கள். கண்ணீர் வரச் சிரிக்கும் முகத்தை அழும் முகம் என்று எண்ணி வஃபாத் செய்திக்குக் கீழே போட்டுவிடும் பெரியவர்களும் இருக்கிறார்கள். சின்னத் திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

ஒரே கட்டைவிரல், இரண்டு தீர்ப்புகள்

ரயில்வே பாதுகாப்புப் படையில் ஓர் அதிகாரி கொல்லப்பட்டது பற்றிய செய்தி வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதற்குக் காவலர் ஒருவர் தம்ஸ்-அப் போட்டார். கொலையை ஆதரித்ததாகக் கருதி, துறை அவரைப் பணியிலிருந்து நீக்கியது. 'செய்தியைப் பார்த்துவிட்டேன் என்ற பொருளில்தான் போட்டேன்' என்பது அவருடைய வாதம். அந்தக் குறி 'ஓகே' என்ற சொல்லுக்குப் பதிலாகவும் வரும், அதைக் கொலையைக் கொண்டாடியதாகக் கொள்ள முடியாது என்று கூறி, அவரை மீண்டும் பணியில் சேர்க்கும் உத்தரவை 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது.

கனடாவின் சஸ்காட்செவான் மாநிலத்தில் நடந்தது வேறு. 2021-ல் தானியக் கொள்முதல் நிறுவனம் ஒன்று, ஆளிவிதை வாங்கும் ஒப்பந்தத்தைப் படமெடுத்து ஒரு விவசாயிக்கு அனுப்பி, உறுதி செய்யும்படி கேட்டது. அவர் தம்ஸ்-அப் அனுப்பினார். விளைச்சலைக் கொடுக்கவில்லை. 'ஒப்பந்தம் வந்து சேர்ந்தது என்றுதான் சொன்னேன்' என்றார். இதற்கு முன்பும் அவர் 'ஓகே' போன்ற ஒற்றைச் சொல்லில் ஒப்பந்தங்களை உறுதி செய்து சரக்கும் கொடுத்திருந்தார். ஆகவே அந்தக் கட்டைவிரல் கையெழுத்துக்குச் சமம் என்று 2023-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 82,000 கனடா டாலருக்கு மேல் நஷ்டஈடு கட்டச் சொன்னது. 2024-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது.

இரண்டிலும் குறி ஒன்றே. எந்தச் செய்திக்குப் பதிலாக, எந்தப் பழக்கத்தின் மேல் அது வந்தது என்பதே பொருளை மாற்றியது.

நமக்குத் தெரிந்த பாடம்தான்

வியாபாரத்துக்கு ஈஜாப், கபூல் வேண்டும் என்பதை மதரஸாவிலேயே படித்திருக்கிறோம். பேச இயலாதவரின் சைகையையும் ஃபிக்ஹ் ஏற்கிறது. எனவே குறியால் சம்மதம் சொல்வது நமக்குப் புதிதல்ல. அதே நேரம், திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (அல்பகரா 282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பணம், தேதி, பொறுப்பு மூன்றில் எது இருந்தாலும் எழுத்தில் பதில் சொல்லுங்கள். "பார்த்தேன், நாளை பதில் சொல்கிறேன்" என்று எழுத அரை நிமிடம் போதும்.

வளைகுடாவில் கூடுதல் கவனம்

சவூதியின் 2018-ஆம் ஆண்டுத் தொல்லைத் தடுப்புச் சட்டம், பாலியல் பொருள் தரும் சொல், செயல், சைகை எதையும் குற்றமாக்குகிறது. கைப்பேசி, இணையம் வழியாகச் செய்தாலும் அப்படியே. 2 ஆண்டு வரை சிறையும் 1,00,000 ரியால் வரை அபராதமும் விதிக்கலாம். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டப்படி, இணையம் வழியாக ஒருவரை இழிவுபடுத்தினால் சிறைத்தண்டனையோ 2,50,000 முதல் 5,00,000 திர்ஹம் வரை அபராதமோ உண்டு. இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். நம் நாட்டின் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும், பணியிடத்தில் பெண் விரும்பாத பாலியல் நடத்தை சொல்லால் இல்லாமல் வேறு வகையில் வெளிப்பட்டாலும் அதைத் தொல்லையாகவே கருதுகிறது. ஆகவே உடன் பணியாற்றும் பெண்ணுக்கோ ஆணுக்கோ சிவப்பு இதயம், முத்தம், கண்ணடிக்கும் முகம் அனுப்பவே வேண்டாம். நிய்யத் நல்லதாக இருக்கலாம். அது திரையில் தெரியாது.

கடைப்பிடிக்கச் சில வழிகள்

• புதிய வேலையில் முதல் சில வாரங்கள், மேலதிகாரிகள் எப்படி எழுதுகிறார்கள் என்று கவனியுங்கள். அவர்கள் எமோஜி போடாத இடத்தில் நீங்கள் முந்த வேண்டாம்.
• வேலை விண்ணப்பம், விடுப்புக் கடிதம், சம்பளம் பற்றிய பேச்சு, புகார் ஆகியவற்றில் எமோஜி வேண்டாம்.
• துக்கச் செய்திக்கு வார்த்தையால் ஆறுதல் சொல்லுங்கள்.
• ஒருவர் கண்டிக்கப்படும் செய்திக்குக் கீழே சிரிக்கும் முகம் போடாதீர்கள். அது அவரைப் பரிகசிப்பதாகவே படும்.
• தவறாகப் போட்டுவிட்டால் நீக்கிவிட்டு, உடனே ஒரு வரி விளக்கம் எழுதுங்கள்.
• நெருங்கிப் பழகிய சக ஊழியருக்கு ஒரு புன்னகை முகம் அனுப்புவதில் தவறில்லை. கடுமையாகத் தோன்றும் வரியை அது மென்மையாக்கும்.

நம் குழுக்களிலும்

ஜமாஅத், நலப்பணிக் குழுக்களுக்கும் இது பொருந்தும். "அவசரம், ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை" என்ற செய்திக்குக் கீழே பத்துக் கட்டைவிரல்கள் விழுகின்றன. அதில் எத்தனை பேர் 'பார்த்தேன்' என்கிறார்கள், எத்தனை பேர் 'நான் போகிறேன்' என்கிறார்கள்? பத்துப் பேர் கிளம்பிவிட்டார்கள் என்று நினைத்து மற்றவர் இருந்துவிடுவார்கள். மருத்துவமனையில் காத்திருக்கும் குடும்பத்துக்கு ஒருவரும் வந்திருக்கமாட்டார்கள். போகிறவர் "நான் கிளம்பிவிட்டேன், அரை மணி நேரத்தில் அங்கிருப்பேன்" என்று எழுதட்டும். முடியாதவர் "என்னால் இயலவில்லை" என்று எழுதட்டும்.

நாவைப் பேணுவது போல விரல் நுனியையும் பேணுவோம். கொடுத்த வாக்கு அமானிதம். அது ஒரு சிறு படமாகப் போனாலும் அமானிதமே. அதை நிறைவேற்ற வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக, ஆமீன்.