அச்சு மின்னினால் கம்மல் மின்னும்

தில்லியின் மேற்கே இருக்கிறது ஜனக்புரி. அங்கே 2014-ஆம் ஆண்டு ‘தில்லி ஹாட்’ திறந்தார்கள். அது கைவினைப் பொருள்களுக்கான சந்தை. இப்படிப்பட்ட சந்தைகளில் ரெசின் கம்மல், ரெசின் டாலர் எல்லாம் விற்கும். வீட்டிலிருந்தபடியே இவற்றைச் செய்யலாம்.

ரெசின் என்பது தேன் போன்ற திரவம். அதில் ஹார்டனர் என்ற இன்னொரு திரவத்தைக் கலப்பார்கள். கலந்ததை அச்சில் ஊற்றுவார்கள். அது மெல்ல இறுகிக் கண்ணாடி போல ஆகும். பெரும்பாலும் ஒரு நாள் ஆகும்.

அச்சு சிலிகானால் ஆனது. ரப்பர் போல வளையும். ஆனால் எளிதில் கீறல் விழும்.

கொழுக்கட்டை அச்சில் உள்ள பூ கொழுக்கட்டையில் பதிகிறது அல்லவா? இதுவும் அப்படித்தான். அச்சில் ஒரு கீறல் விழுந்தால், அதில் செய்யும் எல்லாக் கம்மலிலும் அந்தக் கீறல் பதியும். யார் வாங்குவார்கள்? அச்சு வாங்கிய காசும் வீண்.

அச்சை எப்படிச் சுத்தம் செய்வது?

தூசி இருந்தால் செலோடேப்பை ஒட்டி எடுங்கள். தூசி அதிலேயே வந்துவிடும்.

பிசுக்கு இருந்தால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். விரலால் மெதுவாகத் தேய்த்தால் போதும். தேங்காய் நார், பிரஷ் வேண்டாம். பிறகு நன்றாக உலர விடுங்கள். ஈரம் இருந்தால் ரெசின் மங்கிப் போகும்.

ரெசின் ஒட்டியிருந்தால் அது முழுதும் இறுகட்டும். பிறகு அச்சை வளைத்து உரித்து எடுங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள். ஊக்கால் குத்தாதீர்கள்.

தில்லியில் மே, ஜூன் மாதங்களில் புழுதிக் காற்று வீசும். அதனால் அச்சை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். மடிக்காமல், மேலே பாரம் ஏற்றாமல் வையுங்கள். வெயில் படக் கூடாது.

ஜனவரிக் குளிரில் ரெசின் இறுக அதிக நேரம் ஆகும். அவசரப்பட்டு எடுத்தால் அச்சில் ஒட்டிக்கொள்ளும். இன்னும் ஒரு நாள் பொறுங்கள்.

அச்சைப் போலவே கையையும் காக்க வேண்டும். இறுகாத ரெசின் தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும் வரலாம். ஒரு முறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலும் திரும்ப வரும். அப்புறம் தொழிலையே விட வேண்டியதாகிவிடும். எனவே கையுறை போடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ரெசின் கையில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ரெசின் ஊற்றிய அச்சில் பலகாரம் செய்யாதீர்கள். அந்த அச்சைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.