காமிராப் படங்களைக் கம்ப்யூட்டரில் சேர்க்கும் விதம்

கேரளத்தில் 2020-ம் வருஷம் காணப்பட்டுப் பின் நம் பக்கம் பரவிய மரவள்ளி மாவுப்பூச்சியைச் சேலம், நாமக்கல் ஜில்லாக் குடியானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதனுள் முட்டையிட்டு அழிக்கும் குளவி 2022-ல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. பப்பாளி மாவுப்பூச்சிக்கு அக்குளவி உதவாது. ஆகையால் வந்திருப்பது எவ்வினம் என்று முதலில் அறிதல் அவசியம். அதற்குத் தெளிவான படங்கள் துணை செய்யும். காமிராவிலேயே அவை தங்கிவிட்டால் யாதொரு பயனுமில்லை.

காமிராவை யு.எஸ்.பி. ஒயரால் கம்ப்யூட்டருடன் இணைக்கலாம். பாட்டரி குறைந்திருப்பின் கார்டைக் கழற்றி, கார்டு ரீடரில் செருகுவதே உத்தமம். அதில் டி.சி.ஐ.எம். என்னும் ஃபோல்டரைத் திறந்து, படங்களை நகலெடுத்து, கிராமமும் சர்வே நம்பரும் தேதியும் பெயராக இட்ட புது ஃபோல்டரில் வைக்கவேண்டும். நகலெடுக்காமல் அப்படியே பெயர்த்தெடுத்தல் கூடாது. ஒருமுறை நான் அவ்விதம் செய்கையில் பாதியில் மின்சாரம் நின்று, சில படங்களை இழந்தேன். மறுபடி அத்தோட்டத்துக்குப் போனபோது செடிகளைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள்.

நகல்களை ஒவ்வொன்றாய்த் திறந்து பார்த்த பின்னரே கார்டிலுள்ளவற்றை அழிக்கலாம்.

கிராம உத்தியோகஸ்தர்கள் தேதியைக் கவனிக்கவேண்டும். படத்தினுள் பதிவது காமிராக் கடிகாரத்தின் தேதியே. நெடுநாள் பாட்டரியின்றிக் கிடந்த காமிரா பழைய வருஷத்தைக் காட்டும். பயிர்ச்சேதத்துக்கு அத்தகைய படம் எங்ஙனம் சாட்சியாகும்? வாட்ஸப்பில் சாதாரணப் படமாய் அனுப்பினாலோ அளவு சுருங்கித் தேதிக்குறிப்பும் போய்விடும். மூலப்படத்தையே ஈமெயிலில் இணைத்து அனுப்புக.