மரம் பொய், மிருகங்கள் மெய்

புளோரிடாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிச்செல்ல எண்ணியிருக்கும் பெற்றோரே!

டிஸ்னியின் 'அனிமல் கிங்டம்' 1998 ஏப்ரல் 22இல், பூமி தினத்தன்று திறக்கப்பட்டது. நடுவே 145 அடி உயரத்தில் நிற்கும் 'உயிர் மரம்' செயற்கையானது. அதன் அடிமரத்தில் 300க்கும் மேற்பட்ட உயிரினங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். சஃபாரி வெளியிலுள்ள யானையும் சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியுமோ உண்மையானவை. வெயில் ஏறினால் அவை நிழலில் ஒதுங்கிவிடும். ஆகவே காலையிலேயே சஃபாரி வண்டியில் ஏறிவிடுங்கள்.

வீட்டுச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம். கண்ணாடிப் போத்தல் கூடாது. மிருகங்களுக்கு ஆபத்து என்பதால் பிளாஸ்டிக் உறிஞ்சு குழாயும் அங்கே கொடுப்பதில்லை. 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ரிக்கெற் வேண்டாம்.

ஆங்கிலப் பெயர் மட்டுமே தெரிந்த பிள்ளைக்கு, "அதோ காண்டாமிருகம்" என்று தமிழிலேயே காட்டுங்கள். மேசையில் இருத்திப் படிப்பித்தும் ஏறாத சொல், மிருகத்தை நேரில் கண்டதும் நாவில் ஏறிவிடும்.