நுண்கட்டுப்படுத்திப் பலகைகளும் மின்வலுவும்

தமிழாசிரியர்க்கும் மின்சுற்றுக்கும் யாது தொடர்பு எனப் பழைய மாணவர் சிலர் வினவக்கூடும். யாப்பிலக்கணம் கற்பித்த கை மின்கம்பியைத் தொட நேர்ந்த கதையை முதலிற் கூறிவிடுகின்றோம்.

மாத்தளை மாவட்டத்துப் பாடசாலையொன்றில் நாம் கற்பித்தபோது, விஞ்ஞானக் கழகத்துக்குப் பொறுப்பாசிரியர் இல்லாத குறையால் அப்பொறுப்பு எம் தலைமேல் வீழ்ந்தது. அது 2022 ஆம் ஆண்டு. மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலமாக நீண்ட ஆண்டு. மண் உலர்ந்ததும் மிளகு நாற்றுக்களுக்குத் தானே நீர் பாய்ச்சும் கருவியொன்றை மாணவர் ஆக்கத் தொடங்கினர். மிளகுக்குப் பேர்போன மாவட்டத்தில் இதனினும் பொருத்தமான முயற்சி யாது என்று நாமும் ஊக்கினோம்.

அவர்கள் கைக்கொண்டது ஆர்டுயினோ ஊனோ என்னும் பலகை. ஆர்டுயினோ, வடிவமைப்புக் கற்கும் மாணவர்க்கு மலிவான கருவி வேண்டுமென்று 2005 ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்றேயா நகரிற் பிறந்தது. அதனை ஆக்கிய மாசிமோ பன்சியும் தோழரும் தாம் கூடிப் பேசும் மதுச்சாலையின் பெயரையே அதற்கு இட்டனர். அச்சாலையோ 1002 இல் இத்தாலிக்கு அரசனான ஆர்டுயின் என்பானின் பெயரைத் தாங்கியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அரசனின் பெயர் மாத்தளைச் சிறுவர் நாவில் வழங்குவது எமக்குச் சுவையாயிருந்தது. நிற்க.

கருவியின் அமைப்பு எளியது. மண்ணில் ஊன்றிய உணரி ஈரத்தை அளந்து பலகைக்கு அறிவிக்கும். பலகை ஒரு திரான்சிற்றரைத் தூண்டும். அது சிறு நீர்ப்பம்பியின் மோட்டரை இயக்கும். எல்லாம் பூட்டி முடிந்தது. மண் உலர்ந்ததும் மோட்டர் ஒருமுறை உறுமிற்று, உடனே பலகையின் விளக்குகள் அணைந்தன, மீண்டும் எரிந்தன, மோட்டர் மறுபடியும் உறுமிற்று. திக்குவாயன் பேச முயல்வதுபோல இது முடிவின்றி நிகழ்ந்தது. கண்காட்சிக்கோ பத்து நாளே இருந்தன.

குற்றம் நிரலில் என்று எல்லாரும் ஒருமுகமாய்த் தீர்த்தனர். நிரலை எழுதியவன் பதினோராந் தரத்து மாணவன், அதிகம் பேசாதவன். நாமும் அவனைக் கடிந்தோம். அவன் மறுமொழி கூறாது மூன்று இரவுகள் விழித்திருந்து மூன்று முறை நிரலை மாற்றி எழுதிவந்தான். திக்கல் மட்டும் மாறவில்லை.

ஒருநாள் மாலை, வானொலி திருத்தும் தொழிலுடைய தந்தையார் ஒருவர் தம் மகனை அழைத்துச் செல்ல வந்தார். பையிலிருந்த முள் மானியை எடுத்துப் பலகையின் 5 வோல்ற்று முனையில் வைத்தார். மோட்டர் உறுமிய கணத்திலே முள் சாய்ந்து வீழ்ந்தது. "சேர், பிள்ளையில பிழையில்லை, பலகைக்குச் சாப்பாடு காணாது" என்றார்.

அவர் விளக்கியதன் சாரம் இது. ஊனோ 5 வோல்ற்றில் இயங்குவது. அதன் மின்னழுத்தம் 2.7 வோல்ற்றுக்குக் கீழிறங்கின், தாறுமாறாய் இயங்காதபடி அது தன்னைத் தானே மறுதொடக்கஞ் செய்துகொள்ளும். யூ.எஸ்.பி. வாயிலாகப் பெறும் மின்னோட்டத்துக்கு 500 மில்லியம்பியர் அளவில் ஓர் உருகி காவல் நிற்கின்றது. மோட்டரோ நின்ற நிலையிலிருந்து எழும்போது, ஓடும்போது வேண்டுவதைப் போலப் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். பலகைக்கும் மோட்டருக்கும் ஒரே இலையில் உணவு பரிமாறினோம். வலியது முழுவதையும் உண்டது. இனிப் பலகையின் ஒவ்வொரு முனையும் 20 மில்லியம்பியர் அளவே தரத்தக்கது. 40 ஐ ஒருபோதும் எட்டலாகாது. சிவப்பு ஒளிகாலும் இருவாயி ஏறத்தாழ 2 வோல்ற்றைக் கொள்ளும். எஞ்சிய 3 வோல்ற்றை 220 ஓம் தடையியால் வகுத்தால் 14 மில்லியம்பியர் அளவு வரும். அது பொருந்தும். தடையியின்றி நேரே பூட்டினால் விளக்கோ முனையோ கெடும்.

மோட்டருக்கு வேறு மின்வலு தேடினோம். 9 வோல்ற்றுப் பெட்டி மின்கலம் பார்வைக்கு வலியது, உண்மையில் ஏழை. பலகைக்குக் கொடுத்தாலும், 9 ஐ 5 ஆக்கும் சீராக்கி எஞ்சிய 4 வோல்ற்றையும் வெப்பமாய் வீணாக்கும்; மோட்டரின் பசிக்கோ அது சிறிதும் ஈடுகொடாது. ஆதலின் மோட்டருக்கு 1.5 வோல்ற்று மின்கலங்கள் நான்கைத் தொடராய் வைத்தோம். மோட்டரின் இரு முனைகளுக்குக் குறுக்கே, அது நிற்கும்போது எழும் எதிர் மின்னழுத்தத்தைத் தணிக்க ஓர் இருவாயியையும் பூட்டினோம். பலகைக்கு, மின்வெட்டுக்காக வீடுதோறும் வாங்கிய கையடக்க மின்சேமிப்பியைக் கொடுத்தோம். சிறிது நேரத்தில் அது அணைந்துவிட்டது! பலகை வெறுமனே இருக்கையில் 50 மில்லியம்பியர் அளவே கொள்ளும். கைப்பேசி நிரம்பிவிட்டது எனக் கருதிச் சேமிப்பி உறங்கிப்போயிற்று. மிகுதியாய் உண்பவனால் வந்த துன்பம் தீருமுன், குறைவாய் உண்பவனால் வந்த துன்பம் இது. சிறு மின்னோட்டத்திலும் விழித்திருக்கும் சேமிப்பி ஒன்றைத் தேடிப் பெற்றோம்.

இப்போது மோட்டர் அசையவே இல்லை. மறுபடியும் எல்லார் கண்ணும் நிரலெழுதியவன்மேற் சென்றன. அவன் நிரலைத் திறக்கவில்லை. கம்பிகளை ஒவ்வொன்றாய் விரலாற் தொடர்ந்து சென்று, பலகையின் மறைமுனையும் மின்கலங்களின் மறைமுனையும் இணைக்கப்படாதிருத்தலைக் காட்டினான். மின்னழுத்தம் என்பது இரு புள்ளிகளுக்கிடையிலான வேறுபாடு. இரு சுற்றுக்கும் பொதுவான அடிநிலை இல்லையேல், பலகை அனுப்பும் 5 வோல்ற்றுத் திரான்சிற்றருக்குப் பொருளற்றது. மின்னோட்டம் திரும்ப வழியுமில்லை. ஒரு கறுப்புக் கம்பி இட்டான். பின் தன் முதல் நிரலையே, ஓரெழுத்தும் மாற்றாமற் பலகையில் ஏற்றினான். நாற்றுக்களுக்கு நீர் பாய்ந்தது. அவனிடம் நாம் பொறுத்தல் வேண்டினோம். அவன் நாணித் தலைகுனிந்தான்.

மறு ஆண்டு வந்த மாணவர் 2021 இல் வெளியான ராஸ்பெரி பை பிகோவை வாங்கினர். அதன் முனைகள் 3.3 வோல்ற்றுக்கே உரியன. 5 வோல்ற்றுத் தூரவுணரியை நேரே பூட்டினால் முனை கெட்டுவிடக்கூடும். பூட்டும் தறுவாயில், உயர்தர வகுப்பிலிருந்து அம்மாணவன் வந்து தடுத்தான். உணரியின் கம்பியில் 1,000 ஓம் தடையியும், அதிலிருந்து மறைமுனைக்கு 2,000 ஓம் தடையியும் இட்டு, இரண்டும் கூடுமிடத்திற் பிகோவைத் தொடுத்தால் 5 இன் மூன்றில் இருபங்கே அதற்குச் செல்லும் என்று கரும்பலகையில் வரைந்தான். சுண்ணக்கட்டியை எடுத்துக் கொடுத்தது நாமே.